ஹெட்லைட் ரிலே பிறந்த கதை

பிக்-அப் வண்டியின் பானட்டைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலோ, ஃபியூஸ் பெட்டிக்குள்ளோ ஓர் அங்குலச் சதுரத்தில் கறுப்பாக ஒரு டப்பா இருக்கும். அடியில் நான்கு கால்களோ ஐந்து கால்களோ இருக்கும். கால்களின் ஓரத்தில் 30, 85, 86, 87 என்று எண்கள். டேஷ்போர்டில் சுவிட்சைப் போட்டதும் உள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அதுதான் ரிலே.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்குப் போய், “அண்ணே, ஹெட்லைட் ரொம்ப டல்லா அடிக்குது” என்று சொல்லிப் பாருங்கள். தொழில் தெரிந்த மனிதர் உடனே புது பல்பைக் கையில் எடுக்க மாட்டார். “ரிலே போட்டிருக்கா?” என்றுதான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் ஏறக்குறைய இருநூறு ஆண்டு அறிவு நிற்கிறது. அதில் ஒரு பங்கு அங்கேயே, பாடியிலும் பூந்தமல்லி சாலையிலும் வேர்விட்டது.

விளக்கு முதலில், மின்சாரம் பிறகு

மோட்டார் வண்டி பிறந்தபோது அதற்கென்று தனி விளக்கு இல்லை. குதிரை வண்டியில் தொங்கிய எண்ணெய் விளக்குதான் காரிலும் தொங்கியது. அடுத்து வந்தது கார்பைடு விளக்கு. கால்சியம் கார்பைடில் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு கிளம்பும். அதைக் கொளுத்தினால் வெள்ளை வெளேரென்று எரியும். காற்றும் மழையும் அதை எளிதில் அணைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் மாலையும் வண்டியை நிறுத்தி, இறங்கி, தீக்குச்சி கிழித்து ஏற்ற வேண்டும்.

1912-ம் ஆண்டு கேடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரோடும் மின் விளக்கோடும் வந்தது. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த அமைப்பு அது. டைனமோ மின்சாரம் தரும், பேட்டரி அதைச் சேர்த்து வைக்கும், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே விளக்கைப் போடலாம். இன்றைய வண்டி ஒயரிங் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

இங்கிலாந்தில் இதே காலத்தில் வளர்ந்த பெயர் லூகாஸ். பர்மிங்ஹாமில் ஜோசப் லூகாஸ் மண்ணெண்ணெய் வியாபாரத்தில் தொடங்கியவர். 1880 வாக்கில் மிதிவண்டிக்கு அவர் நிறுவனம் செய்த ‘கிங் ஆஃப் த ரோட்’ விளக்கு பெரும் புகழ் பெற்றது. பிறகு கார்களின் டைனமோ, ஸ்டார்ட்டர், ஹெட்லைட் என்று அந்த நிறுவனம் பிரிட்டிஷ் வண்டிகளின் மின்சார வேலை முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டது.

அந்தப் பெயர் 1961-ல் மெட்ராஸின் மேற்கு எல்லைக்கு வந்தது. டிவிஎஸ் குழுமமும் லூகாஸும் சேர்ந்து பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அடுத்த ஆண்டே அதே பாடியில் சுந்தரம் கிளேட்டனும் பிரேக்ஸ் இந்தியாவும் வந்தன. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே தொடங்கப்பட்டிருந்தது. டி.ஐ. சைக்கிள்ஸின் குழுமத்தைச் சேர்ந்த டி.ஐ. மில்லர், மிதிவண்டிக்கு டைனமோவும் விளக்கும் செய்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின.

இன்றும் அந்தப் பக்கம் பஸ் நிறுத்தங்களுக்குப் பெயர் லூகாஸ், டி.ஐ. சைக்கிள், டன்லப், பிரிட்டானியா. ஷிப்ட் முடிந்து இறங்கும் தொழிலாளியின் கையில் வண்டி மின்சாரத்தின் அறிவு வீடு வந்தது. ஓய்வு பெற்றபின் வாசலில் கடை போட்டவர்களும், அவர்களிடம் கற்றுக்கொண்ட பையன்களும் சி.டி.எச். (சென்னை–திருவள்ளூர்) சாலை நெடுகிலும் அந்த அறிவைப் பரப்பினார்கள்.

இரண்டு இழை, ஒரு சுவிட்ச்

விளக்கு பிரகாசமானதும் எதிரே வருபவருக்குக் கண் கூசியது. 1924-ல் ஓஸ்ராம் நிறுவனம் பைலக்ஸ் என்ற பல்பைக் கொண்டு வந்தது. ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு இழைகள்: ஒன்று தூரத்துக்கு, இன்னொன்று தாழ்வாக. நம் ஊரில் ‘பிரைட்’, ‘டிம்’ என்று சொல்கிறோமே, அவை இரண்டும் அங்கே ஒன்றாய்ச் சேர்ந்தன.

அம்பாசடர் காரிலும் பழைய லாரிகளிலும் இடது காலுக்கு அருகே தரையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை மிதித்தால் பிரைட், மறுபடி மிதித்தால் டிம். கனமான பித்தளைத் தொடுமுனைகள் கொண்ட முரட்டுச் சுவிட்ச் அது. விளக்கின் முழு மின்சாரத்தையும் தாங்கியது. பின்னாளில் அந்த வேலை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தண்டுக்கு மாறியது. இண்டிகேட்டர், வைப்பர், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த காம்பினேஷன் சுவிட்ச். கைக்கு வசதி. ஆனால் அதன் உள்ளே இருப்பவை மெல்லிய தகடுகள்.

சுவிட்ச் மெலிந்துகொண்டிருந்த அதே காலத்தில் பல்பு தடித்தது. 1962-ல் ஐரோப்பாவில் எச்1 ஹாலஜன் பல்பு வந்தது. 1971-ல் இரண்டு இழை கொண்ட எச்4. சாதாரண பல்பில் டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியில் கரியாய்ப் படியும். ஹாலஜன் பல்பில் அயோடின் அல்லது புரோமின் அந்த ஆவியைப் பிடித்து மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கிறது. அதனால் இழையை இன்னும் சூடாக எரிக்கலாம், ஒளி கூடும். நம் பிக்-அப்புகள் பலவற்றில் இன்றும் இருப்பது அந்த எச்4 தான்: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட்.

கடைமடைக்குப் போகும் மின்சாரம்

இங்கேதான் சிக்கல் பிறந்தது. இரண்டு பல்புகளும் பிரைட்டில் எரியும்போது 120 வாட். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். அந்த 10 ஆம்பியரும் பேட்டரியில் கிளம்பி, கேபினுக்குள் நுழைந்து, ஸ்டியரிங் சுவிட்சைக் கடந்து, மறுபடி முன்பக்கம் வந்து விளக்கை அடைய வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஐந்து மீட்டர் தூரம் என்றால், கம்பி மட்டுமே ஏறக்குறைய 0.9 வோல்ட்டைத் தின்றுவிடும். சுவிட்சின் தேய்ந்த முனை, கனெக்டரில் ஏறிய களிம்பு, துருப்பிடித்த எர்த் ஆகியவை மேலும் அரை வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். மதகில் நிறையத் திறந்துவிட்ட ஏரித் தண்ணீர் தூர்ந்த வாய்க்காலில் கடைமடைக்கு வருவதுபோலத்தான் மின்சாரம் பல்புக்கு வந்து சேருகிறது.

ஒன்றரை வோல்ட்தானே என்று விட முடியாது. இழை பல்பின் குணம் அப்படி: மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஒளி 10 சதவீதம் அல்ல, ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. பல்பு நல்ல பல்புதான், பேட்டரியும் நல்ல பேட்டரிதான். ஆனால் சாலையில் மஞ்சளாய், சோகையாய் ஒரு வெளிச்சம்.

பலரும் இதற்குத் தேடும் மருந்து 100 வாட் பல்பு. அது நோயை முற்றவைக்கும். இரண்டு பல்புகளுக்கு 200 வாட் என்றால் 16 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். கம்பியில் உண்டாகும் சூடு மின்சாரத்தின் இருமடியாக ஏறுவதால், 60 வாட்டில் இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. முதலில் சுவிட்ச் உருகும், பிறகு ஹோல்டர் கருகும், ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு மங்கும். இன்சுலேஷன் உருகிக் கம்பியும் கம்பியும் உரசினால் வண்டியே தீப்பிடிக்கும்.

தந்தியிலிருந்து வந்த தீர்வு

இந்தச் சிக்கலுக்கான விடை மோட்டார் வண்டி பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே கிடைத்துவிட்டது. 1835-ல் அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி ஒரு மின்காந்தத்தைக் கொண்டு தூரத்தில் இருக்கும் இன்னொரு மின்சுற்றைத் திறந்து மூடிக் காட்டினார். நீண்ட கம்பியில் வலுவிழந்து வரும் சிறு மின்சாரம் ஒரு காயிலைக் காந்தமாக்கும். காந்தம் ஒரு தகட்டை இழுக்கும். தகடு அங்கேயே உள்ள பேட்டரியின் பெரிய மின்சாரத்தை இணைக்கும். தந்திச் செய்தி ஊர் ஊராகத் தாண்டிப் போனது இந்தச் சாதனத்தால்தான். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே முடிந்துபோனது. ரிலேயின் வேலை முடியவில்லை.

வண்டிக்குள் ரிலே முதலில் நுழைந்தது விளக்குக்காக அல்ல, டைனமோவுக்காக. இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோவின் மின்னழுத்தம் பேட்டரியைவிடக் குறையும். அப்போது பேட்டரி மின்சாரம் பின்னோக்கி டைனமோவுக்குள் ஓடிவிடாமல் ஒரு ரிலே இணைப்பைத் துண்டித்தது. பழைய மெக்கானிக்குகள் ‘கட்-அவுட்’ என்று சொல்வது அதைத்தான். ஸ்டார்ட்டர் மோட்டாரின் சோலனாய்டு, ஹாரன் ரிலே எல்லாம் அதே வம்சம். ஆல்டர்னேட்டர் வந்தபோது டயோடே மின்சாரத்தைத் திரும்ப விடாமல் தடுத்தது. கட்-அவுட்டுக்கு வேலை போயிற்று. ஆனால் கூடுதல் விளக்குகளும் ஹாலஜன் பல்பும் ரிலேயை வண்டிக்குள்ளேயே இருத்திவைத்தன.

கால்களில் உள்ள எண்கள் ஜெர்மனியின் டின் 72552 என்ற தரநிலையிலிருந்து வந்தவை. 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம். 87 விளக்குக்குப் போவது. 85, 86 இரண்டும் காயிலின் இரு முனைகள். ஃபாக் லைட்டுக்கு 55, பிரைட்டுக்கு 56 ஏ, டிம்முக்கு 56 பி என்று விளக்குகளுக்கும் எண் உண்டு. சர்க்யூட் வரைபடத்தைப் பார்த்தே இராத பையனும் ‘முப்பது, எண்பத்தேழு’ என்று சொல்லிக்கொண்டே சரியாக இணைத்துவிடுவான். பல நாட்டு வண்டிகளிலும் ஒரே எண். அந்தத் தரநிலை செய்த பேருதவி அது.

ரிலே வந்ததும் கணக்கு மாறுகிறது. சுவிட்ச் வழியாக ஓட வேண்டியது காயிலுக்கான 0.2 ஆம்பியர் அளவு மட்டுமே. பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து பல்பு என்று முன்பக்கத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு இழப்பு 0.1 வோல்ட்தான். பல்பை மாற்றாமலேயே, இழந்த ஒளியின் பெரும்பங்கு சாலைக்குத் திரும்புகிறது.

பூந்தமல்லிக்கு வந்த ஜப்பான்

கம்பி மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அதில் பிறக்கும் ஒளியைச் சாலையில் எங்கே விழவைப்பது என்பது ரிஃப்ளெக்டரின் வேலை. அந்த வித்தையும் இந்த வட்டாரத்துக்கே வந்தது. 1915-ல் கென்ரோகுரோ கொய்ட்டோ என்பவர் டோக்கியோவில் ரயில்வே சிக்னல் விளக்குக்கான கண்ணாடி லென்ஸ் விற்கத் தொடங்கிய நிறுவனம் கொய்ட்டோ. 2007-ல் லெக்சஸ் காருக்கு எல்.இ.டி. ஹெட்லைட் செய்து கொடுத்ததும் அதுதான். லூகாஸ்-டிவிஎஸ்ஸும் கொய்ட்டோவும் சேர்ந்து 1996-ல் இந்தியா ஜப்பான் லைட்டிங் நிறுவனத்தை நிறுவின. அதன் ஆலை திருமழிசையைத் தாண்டி, பூந்தமல்லி–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரத்தில் இருக்கிறது.

பிக்-அப்பும் இந்தச் சாலைக்குப் புதிதல்ல. 2005-ல் வந்த டாடா ஏஸ் ‘குட்டி யானை’ ஆனது. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. இசுசு டி-மேக்ஸ் பிக்-அப், 2016-ல் ஸ்ரீசிட்டி ஆலை திறக்கும்வரை திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் பூட்டப்பட்டது. கோயம்பேடு சந்தைக்குக் காய்கறியும் பூவும் போவது விடியலுக்கு முன்னால். 2020 மே மாதம் ஊரடங்கில் காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாறியபோது அத்தனை பிக்-அப்புகளும் இந்தப் பக்கமே திரண்டன. இரவில் ஓடினால்தான் பிழைப்பு என்ற வண்டிகளுக்கு ஹெட்லைட் ஆடம்பரமல்ல. அது ஓட்டுநரின் உயிர்.

மார்கழியில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பனி இறங்கும். போகியன்று அதோடு புகையும் சேரும். 2018 போகியில் மீனம்பாக்கத்தில் விமானங்களே தாமதமாயின. பிரைட்டைப் போட்டால் பனித்துளிகள் ஒளியைத் திருப்பி ஓட்டுநரின் கண்ணிலேயே அடிக்கும். ஃபாக் லைட்டின் ஒளி தாழ்வாக, தட்டையாக, அகலமாக, மேல் விளிம்பு வெட்டினாற்போல் இருப்பது அதனால்தான். பனி தரையை ஒட்டி மெலிந்திருக்கும் இடத்தில் அது சாலையின் ஓரத்தைக் காட்டும். மஞ்சள் கண்ணாடி கூச்சத்தைச் சற்றுக் குறைப்பதாகப் பலர் உணர்கிறார்கள். ஆனால் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் பனித்துளி மிகப் பெரிது, அது மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஃபாக் லைட்டின் பலம் அதன் நிறத்தில் இல்லை; அதன் வடிவத்திலும் உயரத்திலும் இருக்கிறது. அதைப் பம்பருக்கு மேலே, கூரையில் மாட்டினால் அது ஃபாக் லைட்டே அல்ல.

நல்ல கையில் ஒரு வேலை

நல்ல மிஸ்திரி இந்த வேலையை எப்படிச் செய்கிறார் என்று கவனிப்பது ஒரு பாடம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைப்பார். கம்பி நடுவில் எங்கே உரசினாலும் அந்த ஃபியூஸ் போய் வண்டியைக் காப்பாற்றும். விளக்குக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் அதற்கு முந்தைய கம்பி முழுவதும் காவலில்லாமல் கிடக்கும். பிரைட்டுக்கு ஒரு ரிலே, டிம்முக்கு ஒரு ரிலே, ஃபாக் லைட்டுக்குத் தனியாக ஒன்று. பழைய ஹெட்லைட் பிளக்கை வெட்டவே மாட்டார். அதிலிருந்து காயிலுக்கு மட்டும் மின்சாரம் எடுப்பார். ஃபாக் லைட் ரிலேயின் காயிலை பார்க்கிங் விளக்கோடு சேர்ப்பார்; பார்க்கிங் அணைந்தால் ஃபாக்கும் அணையும், மறந்துபோய் பேட்டரி இறங்காது.

எர்த்தில்தான் கைத்திறன் தெரியும். பெயின்ட் மேல் போல்ட் முடுக்கினால் எர்த் ஆகாது. சுரண்டி, லக் அடித்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். கம்பியை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் கனெக்டர்கள் பச்சைக் களிம்பேறிப் போனதைப் பார்த்த எந்த எலக்ட்ரீஷியனும் ஸ்லீவ் போடாமல் கம்பி இழுக்க மாட்டார். ரிலேயையும் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படிதான் மாட்டுவார். தண்ணீர் உள்ளே தேங்கக் கூடாது.

மின்சாரம் முழுதாக வரத் தொடங்கியபின் சார்ஜிங் மின்னழுத்தத்தையும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 14.5 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரைக் கவனிக்க வேண்டும். 5 சதவீதம் கூடுதல் மின்னழுத்தம் பல்பின் ஆயுளை ஏறக்குறைய பாதியாக்கிவிடும்.

புதிய வண்டிகளுக்கு இந்த வேலை முழுதும் பொருந்தாது. அவற்றில் பலவற்றில் ரிலே ஃபியூஸ் பெட்டியிலேயே இருக்கிறது. சிலவற்றில் விளக்கைக் கணினிப் பெட்டி ஒன்று ஆள்கிறது. அங்கே கம்பியைக் கிள்ளினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், வாரண்டியும் போகும். ஆகவே கத்தரியை எடுக்கும் முன் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். விளக்கு எரியும்போது பேட்டரியில் எவ்வளவு, ஹோல்டரில் எவ்வளவு என்று பார்த்தால், வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ரிலே வேண்டியதே இல்லை.

ஒளி யாருக்கு

சாலையில் இன்னொருவரும் வருகிறார். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 106-ம் விதி, முன் விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்காதபடி கீழ்நோக்கியே இருக்க வேண்டும் என்கிறது; 8 மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அளவாக வைக்கிறது. 111-ம் விதி, வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட் மாட்டுவதைத் தடை செய்கிறது. ஹெட்லைட் நடுவே போக்குவரத்து போலீசார் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியதும் இந்தக் கூச்சத்தால்தான்.

பிக்-அப்புக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. பின்னால் மூட்டை ஏறியதும் பட்டை ஸ்பிரிங் இறங்கும், வண்டியின் மூக்கு தூக்கும், டிம் லைட்கூட எதிராளியின் முகத்துக்குப் போகும். டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று உருட்டும் திருகு இருந்தால் அது இதற்காகத்தான். இல்லாவிட்டால் வழக்கமான பாரத்தோடு நிறுத்தியே விளக்கை அமைக்க வேண்டும். சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். டிம் ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டராவது கீழே விழ வேண்டும். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகினால், ஒளி பிறக்கும் புள்ளி மாறி அந்த விளிம்பே சிதறிப்போகும்.

ஆகவே, வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிச்சம் போதவில்லை என்றால் வாட்டைக் கூட்டாதீர்கள், கம்பியைச் சரிசெய்யுங்கள். ரிலே போடுங்கள், பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வையுங்கள், எர்த்தைச் சுரண்டிப் பூட்டுங்கள், கடைசியாக விளக்கைத் தாழ்த்துங்கள். நல்ல மிஸ்திரி இந்த வேலைக்குக் கேட்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். அந்த வெளிச்சம் உங்கள் உயிரை மட்டுமல்ல, எதிரே டூவீலரில் வருபவரின் உயிரையும் சேர்த்துக் காக்கிறது.